இடக்கை வெட்டிய கோடுகள்

போனது இரண்டு பேர். திரும்பி வந்தது ஒருவன். அதுவும் மற்றவரின் கத்தியோடு!

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் டைட்டஸ் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கியது. இடுப்பிலிருந்து ஒரு பால்வெட்டுக் கத்தியை எடுத்து சிவபாக்கியத்திடம் நீட்டினான். அது அவள் கணவர் முத்துக்கறுப்பனின் கத்தி. கைப்பிடியில் சுற்றிய நீல நைலான் கயிறுகூட அப்படியே இருந்தது.

"அக்கா, அண்ணன் குடுத்தார். காட்டச் சொன்னார். கயிறு வேணும், ஆளு வேணும்..."

அவன் முடிப்பதற்குள் சிவபாக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். கத்தியைப் பார்த்தார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும்வரை தன் கத்தியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார்கள். அதன் விளிம்பு அவரவர் கைக்கு ஏற்றபடி தீட்டியது. வேறு கை பட்டால் மரம் காயப்படும் என்பார்கள். பெற்ற மகளே ஆனாலும் அப்பன் போன பிறகுதான் அவன் கத்தியைத் தொடலாம். மேட்டு லயத்தில் இது தெரியாத குழந்தை கிடையாது. ஆனால் டைட்டஸ் மேட்டு லயத்துக்காரன் இல்லையே!

சங்குமுனைத் தீவில் இரண்டு குடியிருப்புகள். மேட்டு லயத்துக்காரர்கள் மூன்று தலைமுறை இலங்கை ரப்பர்த் தோட்டங்களில் உழைத்துவிட்டு, இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தால் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். மண்டபம் முகாமில் சில மாதம் இருந்தார்கள். பிறகு வங்கக் கடலின் நடுவே இந்தத் தீவு. 'வீடெல்லாம் கட்டித் தயாரா இருக்கு' என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். வந்து பார்த்தால் காடுதான் தயாராக இருந்தது.

புதுக்குடிக்காரர்கள் வந்தது சுனாமிக்குப் பிறகு. அவர்களுடைய தாழ்வான தீவைக் கடல் விழுங்கிவிட்டது. மேட்டு லயத்து ரப்பர் மரங்களில் பாதியை வெட்டி, அந்த இடத்தில் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அன்று பிடித்தது சனியன். லயத்தில் பால் பிடிக்கும் சிரட்டை காணாமல் போனால் புதுக்குடிக்காரன் எடுத்தான். புதுக்குடியில் பன்றி காணாமல் போனால் லயத்துக்காரன் தின்றான். இரண்டு பக்கமும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

இந்தக் கோடையில் அந்தக் கிணறும் முழுக்க உப்பாகிவிட்டது. சனிக்கிழமை கப்பலில் ஓர் அதிகாரி வருகிறார். அதற்குள் குடிநீருக்கு வழி காட்டாவிட்டால், தொண்ணூற்று நான்கு குடும்பங்களையும் அதே கப்பலில் ஏற்றிப் பெரிய தீவின் முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அப்படித்தான் உத்தரவு. அதனால்தான் முத்துக்கறுப்பன் ஞாயிற்றுக்கிழமை வடக்குக் காட்டுக்குப் புறப்பட்டார். காடு தெரிந்தவன் என்று புதுக்குடி டைட்டஸைக் கூட்டிக்கொண்டார். ஊரே வேண்டாம் என்றது. அவர் கேட்கவில்லை.

"நான் சொன்னேனா இல்லையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!" என்று கத்தினார் வீரமலை.

வீரமலை சிவபாக்கியத்தின் அண்ணன். ஐம்பத்தைந்து வயது. ஒன்பது வயதில் கப்பலில் வந்தவர். அன்றிலிருந்து எதையும் யாரையும் நம்புவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். கடையில் கொடுக்கும் பருப்பை வீட்டில் மறுபடி எடைபோடுவார். வானொலி மழை வரும் என்றால், வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பார். அவர் தலைமையில் நாலு பேர் டைட்டஸைப் பிடித்து, ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூட்டில் தள்ளிப் பூட்டினார்கள்.

முத்துக்கறுப்பனின் மகள் யோகேஸ்வரிக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருடமாக அவளும் பால் வெட்டுகிறாள். அவள் அழவில்லை. புகைக்கூட்டின் சந்து வழியே டைட்டஸிடம் கேட்டாள்.

"எங்கப்பாவ எங்க விட்டுட்டு வந்த?"

"பாறையில பெரிய வெடிப்பு. உள்ள ஆழத்துல தண்ணி சத்தம். இறங்கக் கயிறு இல்ல. நீ வேகமா நடப்ப, நீ போன்னு சொன்னார். அவர் சுத்திப் போக வழி இருக்கான்னு பாக்கிறேன்னு நின்னுட்டார்."

"கத்தி?"

"காடு வெட்டுற பெரிய கத்தி அவர்கிட்ட இருக்கு. இதை எனக்குக் குடுத்தார். காட்டினா நம்புவாங்கன்னு சொன்னார்."

யோகேஸ்வரி சந்திலிருந்து முகத்தை எடுத்தாள். அவன் சொன்னதில் எல்லாவற்றையும் நம்ப முடிந்தது, கடைசி வார்த்தையைத் தவிர. அப்பா கத்தியைக் கொடுத்தாரா? அப்பாவா?

ஆனாலும் அவர் கிடக்கும் இடம் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனை வெளியே விடச் சொல்லி, புதன்கிழமை காலை அவள் புறப்பட்டுவிட்டாள்.

"நானும் வாறேன்" என்றார் வீரமலை. "ஆனா இவன நான் கூட்டிட்டுப் போற மாதிரிதான் கூட்டிட்டுப் போவேன்."

தடிமனான கயிற்றின் ஒரு முனையை டைட்டஸின் இடுப்பில் கட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு! மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். புதுக்குடிப் பக்கம் அவனுடைய அம்மா வேலியோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையை யோகேஸ்வரியால் தாங்க முடியவில்லை.

நண்பகலில் அலையாத்திக் காட்டின் ஓடையை அடைந்தார்கள். தண்ணீர் இடுப்பளவுதான். அக்கரை இருபது அடி தூரத்தில் இருந்தது. டைட்டஸ் சட்டென்று கையை உயர்த்தினான்.

"நில்லுங்க! இங்க வேண்டாம். மேல போய்த் தாண்டணும்."

"ஏன்டா? மேல சுத்தினா ரெண்டு மணி நேரம் போகும். கப்பல் வர்ற வரைக்கும் எங்கள காட்டுக்குள்ள சுத்த விடலாம்னு பாக்குறியா?"

"ஐயா, அந்தக் கட்டையப் பாருங்க."

"எல்லாக் கட்டையும் எனக்குத் தெரியும்!" வீரமலை ஓடையில் இறங்கி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வைப்பதற்குள் கட்டை கண்ணைத் திறந்தது.

முதலை!

டைட்டஸ் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். வீரமலை மல்லாக்கச் சேற்றில் விழுந்து கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் சுழன்றது. மூவரும் மூச்சுவிடாமல் புதருக்குள் ஓடினார்கள்.

"அவனுக்கு முதலை இருக்கிற இடமெல்லாம் தெரிஞ்சிருக்கே" என்று யோகேஸ்வரியின் காதில் மட்டும் சொன்னார் வீரமலை. "அது எப்படின்னு யோசிச்சியா?"

யோகேஸ்வரிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவளும் அதை யோசித்தாள் என்பதுதான் உண்மை.

ஒரு பாறை மறைவில் இரவைக் கழித்து, விடிந்ததும் நடந்தார்கள். வியாழக்கிழமை காலை மலைச்சரிவு வந்தது. பாதை ஒரு முழ அகலம்தான். கீழே முப்பது அடிப் பள்ளம். பாசி படிந்த கல்லில் கால் வைத்த வீரமலை வழுக்கினார். "ஐயோ!" என்ற சத்தம்தான் கேட்டது, ஆளைக் காணோம்!

கயிறு விறைத்தது. டைட்டஸ் குப்புற விழுந்தான். சரிவின் விளிம்புவரை இழுபட்டுப் போனவன் ஒரு வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கயிறு அவன் இடுப்பை அறுத்தது. யோகேஸ்வரி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். முதலில் வீரமலையின் வழுக்கைத் தலை தெரிந்தது, அப்புறம் தோள், அப்புறம் முழு ஆள்.

"இன்னமும் சந்தேகமா மாமா?" மூச்சிரைக்கக் கேட்டாள் யோகேஸ்வரி.

வீரமலை முழங்கையில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தார். "கயிறு அவன் இடுப்புல இருக்கு. நான் விழுந்தா அவனும் விழணும். அவன் உசுருக்குப் பிடிச்சான்டி."

டைட்டஸ் முதன்முறையாகச் சிரித்தான். "ஐயா சொல்றது சரிதான். நானும் பயந்துட்டேன்."

இன்னும் ஒரு மணி நேர நடை. கரும்பாறைகளுக்கு நடுவே அந்த வெடிப்பு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காதை வைத்தால் ஆழத்தில் நீர் ஓடும் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது!

"அப்பா!" என்று கத்தினாள் யோகேஸ்வரி. "அப்பாவ்!"

பதில் இல்லை. டைட்டஸின் முகம் வெளிறியது. "இங்கதான் உட்கார்ந்திருந்தார். இங்கதான்..." என்று அவன் காட்டிய இடத்தில் ஆளில்லை. பாறை விளிம்பில் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்த இரத்தம் இருந்தது.

வீரமலை கத்தியை உருவிவிட்டார். "சொல்லுடா! எங்க தள்ளின?"

"நான் போகும்போது ரத்தம் இல்ல! சத்தியமா இல்ல!"

"மாமா, கொஞ்சம் இருங்க!" யோகேஸ்வரி பாறையைச் சுற்றி ஓடினாள். மறுபுறம் சரிவு இறங்கியது. அங்கே ஒரு காட்டத்தி மரம். அதன் அடியில் சாய்வாக ஒரு வெட்டு! பத்தடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

"அப்பா கோடு போட்டிருக்கார்!"

வீரமலை குனிந்து பார்த்தார். அவர் முகம் இன்னும் இறுகியது. "நல்லாப் பாரு. இது உங்கப்பன் வெட்டா? நாப்பது வருசம் பால் வெட்டினவன் இடதுல உசத்தி வலதுல தாழ்த்தித்தான் வெட்டுவான். தூக்கத்துல வெட்டச் சொன்னாலும் அப்படித்தான் கை போகும். இது வலதுல உசந்து இடதுல இறங்குது. பால் வெட்டத் தெரியாத பய வெட்டினது. நம்மள வேற பக்கம் கொண்டுபோக இவனே வெட்டி வச்சிட்டு வந்திருக்கான்!"

அவர் சொன்னது நியாயம்தான். தினமும் விடியலில் முந்நூறு மரம் வெட்டுகிறவளுக்கு அது தெரியாதா? அப்பா செத்துப்போய்விட்டார் என்ற எண்ணம் முதன்முறையாக யோகேஸ்வரியின் நெஞ்சுக்குள் இறங்கியது. அவள் மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. வெட்டு அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது! நிற்கிற மனிதன் ஏன் முழங்கால் உயரத்தில் வெட்ட வேண்டும்? அடுத்த மரத்துக்கு ஓடினாள். அதிலும் முழங்கால் உயரம்தான். வெட்டில் கசிந்திருந்த பாலை நகத்தால் கிள்ளினாள். மேலே தோல் கட்டியிருந்தது. உள்ளே இன்னும் பிசுபிசுப்பு இருந்தது.

"மாமா! இது நேத்து வெட்டினது. தொட்டுப் பாருங்க."

வீரமலை தொட்டார். விரல்களைத் தேய்த்தார். மோந்தும் பார்த்தார்.

"நேத்து" என்று ஒப்புக்கொண்டார்.

"நேத்து முழுக்க டைட்டஸ் எங்க இருந்தான்?"

வீரமலை தன் மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"அப்பாவோட வலது கை போச்சு மாமா! அதான் இடது கையால வெட்டியிருக்கார். கோடு மாறி விழுந்திருக்கு. நடக்கவும் முடியல, உட்கார்ந்து நகர்ந்து போயிருக்கார். ஆனா நேத்து உயிரோட இருந்திருக்கார். வாங்க, சீக்கிரம்!"

மூவரும் சரிவில் ஓடினார்கள். ஒவ்வொரு கோடும் முந்தியதைவிட ஆழம் குறைந்திருந்தது. பதினேழாவது கோடு வெறும் கீறல். அதற்கப்பால் கடலைப் பார்த்த ஒரு குகை. உள்ளே ஒரு குளம் பளபளத்தது.

"தண்ணி!" வீரமலை ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். உடனே துப்பினார். "உப்பு! கடல் தண்ணி! இதுக்காடா நாங்க இவ்வளவு தூரம்..."

"மச்சான், அது ஓதத்துல கடல் ஏறுற குழி" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. குரல் கரகரவென்று இருந்தது. "நல்ல தண்ணி இங்க இருக்கு. ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்காதா உங்களுக்கு?"

"அப்பா!"

குளத்துக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், பாறைத் தட்டில் முத்துக்கறுப்பன் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் பாறைப் பிளவிலிருந்து கை பருமனுக்கு நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது தட்டின் ஓரமாக வழிந்து உப்புக் குளத்தில் வீணாகக் கலந்தது.

"அப்பா, எப்படி மேல ஏறினீங்க?"

"நேத்து ஓதத் தண்ணியில மிதந்து ஏறினேன். இப்பவும் ஏறப்போகுது. ஒரு மணி நேரத்துல வாசல் மூடிக்கும். எறக்குங்க என்னய!"

அவரை இறக்கக் கயிறு வேண்டும். இருந்தது ஒரே கயிறு. அதுவும் டைட்டஸின் இடுப்பில்! வீரமலை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் போட்ட முடிச்சு அப்படி. நீரில் நனைந்து வேறு இறுகிப்போயிருந்தது. வெட்டினால் கயிறு எட்டாமல் போகும். கடைசியில் அவர் டைட்டஸின் முன்னால் மண்டியிட்டு, பல்லால் கடித்து இழுத்து ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கயிறு பதிந்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. வீரமலை அதைப் பார்த்தார். பார்க்காதது போல் எழுந்துகொண்டார்.

டைட்டஸ் ஈரப் பாறையில் பல்லிபோல ஏறினான். கயிற்றைப் பாறைக் கொம்பில் மாட்டினான். யோகேஸ்வரியும் பின்னாலேயே ஏறி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வலது முன்கை உடைந்து வீங்கியிருந்தது. கணுக்காலும் அப்படித்தான்.

"வெடிப்புல எட்டிப் பார்த்தேன், வழுக்கிருச்சு" என்றார் அவர். "ஏன் புள்ள இவ்வளவு நாளு? கத்தியக் குடுத்து விட்டேனே, நம்பலையா?"

"கத்தியப் பார்த்துத்தான் நம்பலப்பா."

முத்துக்கறுப்பனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "ஒருத்தன நான் எவ்வளவு நம்புறேன்னு காட்ட எங்கிட்ட வேற என்ன இருக்கு? அதத்தானே குடுத்தேன். அத வச்சே இவன சந்தேகப்பட்டீங்களா?"

டைட்டஸ் குளத்தை எட்டிப் பார்த்து, "அண்ணே, தண்ணி ஏறுது" என்றான்.

ஏறிக்கொண்டுதான் இருந்தது. முத்துக்கறுப்பனைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது முழங்கால், வாசலை நெருங்கும்போது மார்பு, வெளியே வந்தபோது கழுத்து! யோகேஸ்வரி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கேனில் ஊற்று நீரை நிரப்பி, அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால் குகை வாயே தெரியவில்லை.

இரண்டு கம்பு, நடுவில் கொடி. தூக்குப்படுக்கை தயார். முன்னால் டைட்டஸ், பின்னால் வீரமலை. சரிவில் ஏறி, ஓடையைச் சுற்றி, காலில் அட்டை கடித்து, வெள்ளிக்கிழமை முழுக்க நடந்தார்கள். வழியில் யோகேஸ்வரி தூக்கட்டுமா என்று கேட்டாள். "பின்பக்கம் நான்தான்" என்று வீரமலை பிடிவாதம் பிடித்தார். இரண்டு முறை காட்டுப் பழத்தை டைட்டஸ் பறித்துக் கொடுத்தான். முதல் முறை அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றார். இரண்டாம் முறை அப்படியே தின்றார்.

சனிக்கிழமை காலை கப்பலின் சங்கு ஊதும் சத்தம் காட்டுக்குள்ளேயே கேட்டது. கடைசி இரண்டு மைலை ஓடித்தான் கடந்தார்கள்.

படகுத்துறையில் இரண்டு கூட்டம் நின்றது. ஒருபக்கம் லயத்துக்காரர்கள், மறுபக்கம் புதுக்குடிக்காரர்கள். எல்லார் கையிலும் மூட்டைகள். 'எங்கள் பையனைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள்' என்று புதுக்குடி இளைஞர்கள் ஈட்டியோடு நின்றார்கள். 'எங்கள் ஆளைக் கொன்றவர்களுக்கு ஈட்டி ஒரு கேடா' என்று லயத்து இளைஞர்கள் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். தூக்குப்படுக்கை வந்ததும் இரண்டு கூட்டமும் அவசர அவசரமாக எண்ணியது. நாலு பேர்! நாலு பேருக்கும் மூச்சு இருக்கிறது! சிவபாக்கியம் ஓடிவந்தாள். டைட்டஸின் அம்மாவும் ஓடிவந்தாள். இருவரும் ஒரே படுக்கையில் முட்டிக்கொண்டார்கள்.

அதிகாரி கேன் தண்ணீரில் ஒரு கருவியை முக்கிப் பார்த்தார். கொஞ்சம் குடித்தும் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான். ஊற்று ஊருக்கு மேலயா, கீழயா?"

"குகையில விழற இடம் கீழ. ஆனா அதே தண்ணி ஓடுற மலை வெடிப்பு ஊருக்கு மேல" என்றான் டைட்டஸ். "வெடிப்புலயே குழாய் இறக்கினா, தானா ஓடி வரும்."

அதிகாரி சந்தேகத்தோடு அவனைப் பார்த்தார். "நீ சொன்னா போதுமா? இதுக்கு யார் பொறுப்பு?"

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது ஒரு குரல். லயத்து மக்கள் தங்கள் காதையே நம்பாமல் திரும்பினார்கள். பேசியவர் வீரமலை! "நான் கூடப் போய்ப் பார்த்தேன். எழுதிக்குங்க. வீரமலை, மேட்டு லயம்."

அதிகாரி எழுதினார். இடமாற்றம் வேண்டாம், குழாய் போட ஆறு மாதம் அவகாசம், அதுவரை கப்பலில் தண்ணீர். கையெழுத்துப் போட்டார். மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின. சிலர் அங்கேயே அவிழ்த்துச் சோற்றுப் பானையை எடுத்து அடுப்புக் கூட்டிவிட்டார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டே இரண்டு ஊரும் ஒரு நல்ல மனிதரைச் சாகக் கொடுக்க இருந்தன. அது எல்லாருக்கும் உறைத்தது. அதனால்தானோ என்னவோ, அன்று இரண்டு பக்கமும் சத்தம் குறைவாக இருந்தது.

நண்பகலில் கப்பல் கிளம்பியது. யாரும் ஏறாத கப்பல். ஊர் கலைந்தது. வீரமலை மட்டும் படகுத்துறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை அவர் நம்பவில்லை. கப்பல் திரும்பி வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். அது சின்னப் புள்ளியானது. பிறகு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

டைட்டஸ் பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தான்.

"டேய் டைட்டஸு! எனக்குக் கண்ணு பத்தல. போயிருச்சா, நிக்குதா? பார்த்துச் சொல்லுடா."

டைட்டஸ் எழுந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கடலைப் பார்த்தான்.

"போயிருச்சு ஐயா."

வீரமலை எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். கடலைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.